ராக்கு வாங்கிய ரேடியோ

சிலமலை ஊர்க்காரி ராக்குவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் அவளோடு காய் பொறுக்கிய பெண்களுக்கு அது தெரியும். மேஸ்திரி கண்ணுச்சாமிக்குத்தான் தெரியவில்லை.

பதினோரு வருடமாக அந்தச் சிமெண்டுத் தரையில் காய் புடைக்கும் சொளகும் கையுமாக உட்கார்ந்து, பச்சைக்காய் தனி, வெளுத்த காய் தனி என்று பிரித்தவள். பொழுது சாய்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் கையகல டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கி, அப்போது ரேடியோ வைத்திருக்கக் கட்டாயமான லைசென்சையும் தபாலாபீசில் தன் பெயருக்கே எடுத்தாள். அதைக் கிட்டங்கிக்குக் கொண்டுவர யாரையும் கேட்கவில்லை. சாக்குக்குப் பின்னால் அது மெல்லப் பாடும். பெண்களின் கை நிற்காமல் ஓடும்.

ஒருநாள் கண்ணுச்சாமி அதைப் பிடுங்கினான்.

"சோலி பாக்குற எடத்துல பாட்டென்ன பாட்டு? முதலாளி உத்தரவு. சாயங்காலம் வாங்கிக்க."

சாயங்காலம் கேட்டால், "முதலாளி வீட்டுல இருக்கு, நாளைக்குப் பாப்பம்" என்றான். நாலு நாள் ஓடிப்போனது. அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும் பெரியம்மாள் வந்து சொன்னாள்: "அடியே, ஒன் ரேடியோ அங்க மாடியில பாடுது. மருமகப்பிள்ளை சாஞ்சுக்கிட்டுக் கேக்குறாரு."

ராக்குவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்கக் கூடாது என்று பிடுங்கியதை வைத்து அவர்கள் கேட்பதா? பறித்துக்கொள்வதற்கு உத்தரவு என்று பேரா? சொளகை வைத்துவிட்டு நேரே முதலாளி வீட்டுக்கு நடந்தாள். வாசலில் நின்ற முதலாளியிடம் லைசென்சை நீட்டினாள். குரல் தணிந்திருந்தது.

"இதுல ஆரு பேரு இருக்குன்னு படிங்கய்யா."

"வேலை நேரத்துல இங்க என்ன? போய்ச் சோலியப் பாரு."

"சோலி நேரத்துல ஆகாதுன்னா வீட்டுல வச்சுட்டு வர்றேன். என் பொருள ஒங்க மாடியில வச்சுக் கேக்க ஆரு உத்தரவு குடுத்தா?"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். முதலாளி முகம் கறுத்து, "அதக் கொண்டாந்து குடுத்துத் தொலைங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். வந்த ரேடியோவில் ஏரியல் ஒடிந்திருந்தது.

"ஒடிச்சது ஆருங்கய்யா?"

"நாளையிலருந்து கிட்டங்கிப் பக்கம் வராத."

ஒடித்தவனுக்கு ஒரு திட்டு இல்லை. கேட்டவளுக்கு வேலை போனது.

அடுத்த வாரம் ராஜாராம் என்பவரின் கிட்டங்கிக்குப் போனாள். முதல் பேச்சே, "ரேடியோ வச்சிருக்கேன். பக்கத்துல மெல்லப் பாடும். ஆகாதுன்னா இப்பவே சொல்லிருங்க" என்பதுதான். அவளுடைய கைவேகத்தை ராஜாராம் கேள்விப்பட்டிருந்தார். "பாடட்டும். காயி சுத்தமா வரணும்" என்றார். சுத்தமாகவே வந்தது.

ஆறு வருடம் கழித்து, ஆள் பற்றாமல், கண்ணுச்சாமி சிலமலைக்கே தேடி வந்தான். "திரும்ப வந்து சேரு ராக்கு. ரேடியோ வச்சுக்கிறலாம்னு முதலாளி சொல்லிட்டாரு."

"என் ரேடியோவ வச்சுக்கிறச் சொல்ல அவரு ஆரு?" என்றாள். உட்காரக்கூடச் சொல்லாமல் அவனை அனுப்பிவிட்டாள்.