'அவன்' வராத வாய்

எங்கள் கட்சிக்குப் பல்லடத்தில் ஒன்றியச் செயலாளரைப் போடும் முன், கொள்கைப் பிடிப்பைச் சோதிக்கத் தாராபுரத்துக்காரர் ஒருவரைத் தலைமை அனுப்பியிருந்தது. இருபது வருடம் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டிய எனக்கே சோதனையா என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டு, கிளைக்காரர்கள் சூழ அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"எதிர்க்கட்சிச் செயலாளரைப் பத்தி ஒரு வரி சொல்லுங்க."

"அவரு பேசறது பூராப் பொய்யுங்க."

பேனாவை மூடி வைத்தார். "எதிரியப் போயி 'அவரு'ங்கறீங்களே அம்மணி. கொள்கைப் பிடிப்பு இருந்தா 'அவன்'னுதான வந்திருக்கோணும்?"

முயன்று பார்த்தேன். என்னைவிட மூத்தவர், கல்யாணம் காட்சியில் எதிர்ப்பட்டால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிறவர். அவரை 'அவன்' என்று சொல்ல வாய் வரவில்லை. எரிச்சலில், "நீங்களே ஒருக்கா சொல்லிக் காட்டுங்க" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவன் பெரிய பொய்யருங்க" என்றார்.

அறையே சிரித்தது. கொஞ்சம் தாமதித்து அவரும் சிரித்துவிட்டார். பதவி எனக்கே வந்தது. எதிர்க்கட்சிக்காரர்களை இன்றைக்கும் விடாமல் மேடையேறித் திட்டுகிறேன், 'ங்க' போட்டுத்தான்.