இடது பின் கதவு

இது நடந்தது. யாரோ யாருக்கோ சொன்னது இல்லை, வில்லியமே தன் வாயால் என்னிடம் சொன்னது. பேய் என்றாலே நடுராத்திரியும் புளியமரமும் எதிர்பார்க்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. கத்திரி வெயில், மதியம் ஒரு மணி, அடையாறு பாலம், சுற்றிலும் நூறு வண்டி.

வில்லியம் மந்தைவெளிக்காரர். ஐம்பத்திரண்டு வயது. ஆக்டிங் டிரைவர். அதாவது, கார் வைத்திருக்கிறவர்கள் கூப்பிட்டால் ஒரு நாளோ ஒரு வாரமோ போய் அவர்கள் வண்டியை ஓட்டிக் கொடுத்துவிட்டு வருவார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கமர் ஜஹான் என்ற பெண்மணி நடத்தும் ஏஜென்சிதான் அவரை அனுப்பும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அந்தத் திமிர் அவருக்கு நிறையவே உண்டு.

திமிரோடு ஒரு வழக்கமும் உண்டு. குழந்தை இருக்கிற வீடு என்றால், சாவி கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் காரின் பின் கதவுகள் இரண்டையும் திறப்பார். கதவு விளிம்பில் சின்னதாக ஒரு லீவர் இருக்கும். சைல்டு லாக். அதைக் கீழே தள்ளிச் சாத்திவிட்டால் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது, வெளியேயிருந்துதான் திறக்கலாம். சாத்திய பிறகு லீவர் யார் கைக்கும் எட்டாது. பல வருஷத்துக்கு முன்னால் ஓடும் காரிலிருந்து ஒரு பிள்ளை ரோட்டில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து இந்த வழக்கம். வீட்டுக்காரர்களைக் கேட்கவும் மாட்டார், சொல்லவும் மாட்டார். அவர் பாட்டுக்குத் தள்ளிவிட்டுப் போவார்.

"இன்னா பண்றீங்க அங்கிள்?" என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கேட்கும்.

"நீ கீழ வுழாம இருக்கறதுக்கு ராஜா" என்பார். இருபத்தாறு வருஷமும் இதே பதில்தான்.

போன மே மாதம் கோட்டூர்புரத்தில் ஒரு வார வேலை. மஹதி என்கிற பெண். எட்டு மாதக் கர்ப்பிணி, இனி கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் கிரீஷ் வெளியூரில். மூன்றரை வயதில் வர்ஷினி என்று ஒரு பெண் குழந்தை. டாக்டர், ஸ்கேன், மயிலாப்பூரில் அம்மா வீடு, இவ்வளவுதான் ஓட்டம்.

போன முதல் நாளே வில்லியம் தன் சட்டத்தை ஆரம்பித்துவிட்டார். சீட் பெல்ட் வயிற்றை அழுத்துகிறது என்று மஹதி அதைப் போடுவதே இல்லை. வயிற்றின் மேல் போட்டால் அழுத்தத்தான் செய்யும், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்போடு ஒட்டிப் போடுங்கள் என்று காட்டிக் கொடுத்தார். வர்ஷினிக்கு வாங்கிய சைல்டு சீட் பிரிக்காமல் லாஃப்டில் கிடந்தது. அதை இறக்கித் தூசி தட்டி, பின் சீட்டில் இடது பக்கம் பொருத்தினார். குழந்தையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறதே என்று மஹதிக்கு மனசு கேட்கவில்லை. வில்லியம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை, காலை 11:40. இரண்டு லீவரையும் தள்ளிச் சாத்தினார்.

12:15க்கு அடையாறில் டாக்டர் வீட்டு வாசல். குழந்தையை இறக்க இடது கதவைத் திறந்தார்.

லீவர் மேலே இருந்தது.

நாம்தான் சரியாகத் தள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டார். மறுபடி தள்ளினார். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி மேலே. வலது பக்கத்து லீவர் தள்ளிய இடத்திலேயே இருந்தது. இடதுதான்.

செவ்வாய்க்கிழமை லீவரை அழுத்தி, அதன் மேல் செல்லோடேப்பை இரண்டு சுற்று ஒட்டினார். தனக்கே சிரிப்பு வந்ததாம். வழியில் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

டக்.

அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். சைல்டு லாக் போட்ட கதவின் கைப்பிடியை உள்ளேயிருந்து இழுத்தால், பிடிமானம் இல்லாமல் வந்து திரும்பி விழும். அந்த டக். கண்ணாடியில் பார்த்தார். வர்ஷினி கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மஹதி வலது ஓரத்தில், போனில்.

டக்... டக்.

12:50, மயிலாப்பூர். இறங்கிக் கதவைத் திறந்தார். லீவர் மேலே. டேப்பைக் காணோம். தேடினால் ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கம், ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீளமாக ஒட்டியிருந்தது. அதை எடுக்கப் போனவரின் கை, கதவின் உள் கைப்பிடியில் பட்டது.

தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஏ.சி. முக்கால் மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று கதவுகளின் கைப்பிடிகளும் சில்லென்று இருந்தன. வில்லியம் கர்த்தரே என்று ஒரு தடவை சொன்னார். மஹதியிடம் மூச்சு விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது? இன்னொன்றும் உண்டு, டிரைவருக்கு மூளை குழம்பிவிட்டது என்று அனுப்பிவிடுவார்களே. வேலையை விட்டுவிடலாம் என்றும் அன்று ராத்திரி நினைத்தார். நாம் போனால் அடுத்து வருகிறவன் இந்தக் குழந்தையைக் கட்டி உட்காரவைப்பானா என்ற யோசனைதான் அவரை நிறுத்தியது.

புதன்கிழமை. ஸ்கேன் முடிந்து அடையாறிலிருந்து மயிலாப்பூருக்குக் கிளம்பினார்கள். லீவர் கீழே. கையால் தடவிப் பார்த்து, உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் சாத்தினார். மணி 12:58.

கொஞ்ச தூரத்தில் வர்ஷினி அழ ஆரம்பித்தாள். சுடுகிறது, சுடுகிறது என்று ஒரே அழுகை.

"வேண்டாம்ண்ணா, அழறா. கழட்டி மடியில வெச்சுக்கறேன்" என்றாள் மஹதி.

"கழட்டாதீங்க மேடம்."

"அஞ்சு நிமிஷம்தானே..."

"கழட்டாதீங்கன்றேன்ல."

எந்த வீட்டிலும் அப்படிக் குரல் உயர்த்தியவர் இல்லை. மஹதி முகம் சிவந்து கையை எடுத்துக்கொண்டாள்.

1:03. பாலத்தில் ஏறினார்கள்.

டக்.

வண்டிக்குள் வெயிலில் காய்ந்த ரெக்சின் வாடை. ஏ.சி. காற்று அனலாக வந்தது.

டக். டக்.

இடது பக்கம், சற்றுப் பின்னால், மாநகரப் பேருந்து ஒன்று விரட்டிக்கொண்டு வந்தது. நிறுத்த வழி இல்லை. கண்ணாடியில் பார்த்தார். வர்ஷினி அழுகையை நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக் டக் டக் டக்...

வேகமாக. மூச்சு முட்டுகிறவன் இழுக்கிற மாதிரி.

பிறகு எல்லாம் நின்றது.

சிக்.

லீவர் மேலே ஏறும் சத்தம்.

1:05.

கதவு திறந்துகொண்டது.

முழுசாக, விரிய...

பஸ் ஹாரன். மஹதியின் அலறல். பிரேக். வர்ஷினியின் தலையும் தோளும் கதவுப் பக்கம் சாய்ந்தன. கால் ஒன்று வெளியே தொங்கியது. பட்டை இழுத்துப் பிடித்தது.

பிடித்துக்கொண்டது.

பாலம் இறங்கி ஓரமாக நிறுத்திவிட்டு வில்லியம் ஓடினார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. மஹதி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெல்ட் சொன்ன இடத்திலேயே இருந்தது, அவளுக்கும் உள்ளே இருந்த உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதவைச் சாத்தப் போன வில்லியத்தின் உள்ளங்கையில் கொப்புளம் எழும்பியது.

வர்ஷினி அழவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்.

"அந்த அண்ணா எறங்கிட்டான்மா. தெறக்கவே மாட்டேங்கறதுன்னு ரொம்ப நேரமா அழுதான்."

மெக்கானிக் கதவைக் கழற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். புதிதாக வாங்கிய வண்டி, வேறு கை மாறியது கிடையாது, அதில் அசம்பாவிதம் எதுவும் நடந்ததில்லை என்று கிரீஷ் போனில் சத்தியம் செய்தார். வில்லியம் அன்றோடு அந்த வேலையை விட்டார். வண்டியில்தான் ஏதோ இருக்கிறது, தொலைந்தது சனியன் என்று இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை தி. நகரில் வேறு வீடு, வேறு வண்டி. லீவரைத் தள்ளிச் சாத்தினார். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தார்.

இடது லீவர் மேலே இருந்தது. கைப்பிடி சுட்டது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அது வண்டியோடு வரவில்லை. அவரோடு வருகிறது.

நேராக கமர் ஜஹானிடம் போனார். இனி ஓட்டமாட்டேன் என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். அந்தம்மா முதலில் கேலியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சூடு, 1:05 என்று வந்ததும் முகம் மாறியது.

"எந்தப் பக்கம் சொன்னீங்க அண்ணே?"

"லெஃப்டு. பின்னால."

கமர் ஜஹான் மெதுவாகக் கேட்டார். போன வருஷம் இதே கத்திரியில், கொட்டிவாக்கத்தில் சான்ட்ரா என்பவர் வீட்டுக்கு ஒரு நாள் போனது ஞாபகம் இருக்கிறதா என்று.

இருந்தது. சாந்தோமில் கல்யாணம். அந்த வீட்டில் ஷெல்டன் என்று ஐந்து வயதுப் பையன். கதவருகே வந்து நின்று, இன்னா பண்றீங்க அங்கிள் என்று கேட்டவன். நீ கீழ வுழாம இருக்கறதுக்கு ராஜா என்றதும், பெரிய மனுஷன் மாதிரி கை குலுக்கினான்.

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் நான் சொல்லல" என்றார் கமர் ஜஹான். "மறுநாள் மத்தியானம் அந்தப் பையன் ஒளிஞ்சு வெளையாடறப்போ, வாசல்ல வெயில்ல நின்ன வண்டிக்குள்ள ஏறிக் கதவைச் சாத்திக்கினான். தேடிக் கண்டுபுடிக்கறப்போ மணி ஒண்ணு அஞ்சு. போயிட்டான்ணே. லெஃப்டு பின் கதவாண்ட கெடந்தான்."

முன் சீட்டுக்குத் தாண்டிப் போய்த் திறந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். ஐந்து வயது. தான் எப்போதும் திறக்கிற கதவு திறக்கவில்லை என்றால், அதையேதான் இழுத்துக்கொண்டிருக்கும்.

கமர் ஜஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவங்கம்மா ஒண்ணையே சொல்லிச் சொல்லி அழுதுச்சாம். எப்பவும் அவனேதான தெறந்து எறங்குவான்... அன்னிக்கு மட்டும் ஏன் தெறக்கலன்னு."

சான்ட்ராவுக்கு அந்தக் காரணம் இன்றுவரை தெரியாது. கமர் ஜஹானிடமும் வில்லியம் அதைச் சொல்லவில்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது லீவரை மேலே தூக்கிவிடும் பழக்கம் வில்லியத்துக்குக் கிடையாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட.

அவர் இன்னும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். குழந்தைகளைச் சீட்டில் கட்டுகிறார், லீவரைத் தள்ளுகிறார். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டி மேலே தூக்குகிறார். கடைசியாக இடது பின் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, ஐந்து நிமிஷம் ஒதுங்கி நிற்பார். எதற்கு என்று கேட்டால், உள்ளே புழுக்கமாக இருக்கிறது, காற்று போகட்டும் என்பார்.

பிறகு கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பார்.

இன்னும் சுடுகிறதாம்.