பிளாஸ்டர் ஒட்டிய பட்டன்

அண்ணாச்சி இருந்தார். ஆரியசாலையில் கயிறு மொத்த வியாபாரம், வண்டி அவருடையது. அவர் மச்சான் சுப்பையா இருந்தார். ஆபீஸ் லீவு, கடல் பார்க்க வந்தவர். கயிறு வாங்க வேண்டிய பீட்டர் இருந்தார். விழிஞ்ஞத்துக்காரர், சொந்தப் படகு உண்டு. டிரைவர் நான் இருந்தேன்.

அப்புறம் கடல். அதுவும் வந்துகொண்டிருந்தது.

போன வாரம் நடந்தது இது. பீட்டரின் படகு மணலில் கிடந்தது. கயிற்றுக் கட்டைத் தலையில் தூக்கிப் போய்விடுகிறேன் என்றார் பீட்டர். அண்ணாச்சி கேட்கவில்லை.

"ஃபோர் வீல் வண்டிடே! படகு பக்கத்துலயே கொண்டு நிறுத்து."

நிறுத்த வேண்டியிருக்கவில்லை. படகுக்குக் கொஞ்சம் முன்னால் மணலில் புதைந்து தானாகவே நின்றது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுசு. சீட்டில் பாலிதீன் கவர்கூட இன்னும் பிரிக்கவில்லை. கியர் கம்பி பக்கத்தில் ஒரு குட்டிக் கம்பி. அதன் கீழே இருக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். இன்ஜின் சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டுமா, முன்னுக்கும் சேர்த்தா — அங்கேதான் பிரியும். நல்ல ரோட்டில் இரண்டு போதும். சேற்றுக்கும் மணலுக்கும் நாலு.

அண்ணாச்சிக்கு எல்லா ரோட்டுக்கும் நாலு.

"நாலுக்கும் காசு குடுத்தாச்சு. ரெண்டுல ஓட்டுததுக்கு நான் என்ன பொட்டனா?"

நாலில் போட்டால் முன்னையும் பின்னையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட மாதிரி. ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டும். கட்டிப்போட்டால் எப்படி ஓடும்? காய்ந்த ரோட்டில் யாராவது விட்டுக்கொடுக்க வேண்டுமே... கிழக்கேகோட்டை வளைவில் தினமும் டயர் விட்டுக்கொடுக்கும் — ரப்பரை. கீச்சென்று சத்தம் வரும். அண்ணாச்சி அதைக் கம்பீரம் என்று நினைத்தார்.

சரி, மணலிலாவது நாலும் இழுக்க வேண்டாமா? இழுக்காது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்று ஒன்று உண்டு. வளைவில் வெளிச் சக்கரத்தை வேகமாகவும் உள் சக்கரத்தை மெதுவாகவும் ஓட விடும். நல்ல குணம்தான். ஆனால் ஒன்று வழுக்கினால் ஓட்டம் முழுவதும் அதற்கே போய்விடும். பிடிப்பாக நிற்பது சும்மா நிற்கும்.

ஆபீஸிலும் இதேதான் என்றார் சுப்பையா. அவர் எந்தச் சக்கரம் என்று நான் கேட்கவில்லை.

ஆக, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று சுற்றி மணலை வாரின. மற்றவை வேடிக்கை பார்த்தன.

இதற்கு மருந்து டிஃப் லாக். ஒரு பட்டன். அமுக்கினால் பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே தீர வேண்டும்.

பட்டன் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நாலிலோ லாக்கிலோ காய்ந்த ரோட்டில் ஓட்டினால் உடைந்துபோகும் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். நாலைப் பற்றிச் சொன்னதை அண்ணாச்சி மறந்துவிட்டார். லாக்குக்குப் பிளாஸ்டர் போட்டுவிட்டார்.

அலை டயரைத் தொட்டது. இன்ஜினுக்குள் உப்புத் தண்ணீர் போனால் புது வண்டி பழைய இரும்பு.

"அண்ணாச்சி, பட்டனை அமுக்கட்டா?"

"சும்மா இரிடே. புது சாதனம். ஒடைஞ்சா?"

பீட்டர் சிரித்தார். "வெள்ளம் கேறி வருது, கேட்டேளா? வண்டி நெறைய கயிறு இருக்கு. ஒரு கட்டை அவுத்துத் தாங்க, ஆளைக் கூப்பிட்டு இழுத்துரலாம்."

அண்ணாச்சி பதறினார். "கட்டு பிரிச்சா சில்லறை ஆயிரும்லா! மொத்த ரேட்டுல எவன் எடுப்பான்? உம்ம கயிறுதானே வே, நீரே வாங்கிட்டுப் பிரியும்."

"வண்டி இழுத்த கயிறு எனக்கு எதுக்கு? நான் புதுசுக்கில்லா ஆர்டர் போட்டேன்."

சுப்பையா செல்போனில் படம் பிடித்தார். அடுத்த அலை கதவு வரை வந்து, அண்ணாச்சியின் செருப்பு ஒன்றைக் கொண்டுபோனது.

அண்ணாச்சி கயிற்றைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். எதைப் பிரித்தால் நஷ்டம் குறைவு? வியாபாரி அல்லவா... பிளாஸ்டரைப் பிய்த்தார்.

குட்டிக் கம்பியை 'லோ'வுக்குத் தள்ளினேன். மெதுவாகப் போகும், பலமாக இழுக்கும். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தேன். பட்டனை அமுக்கினேன். சும்மா நின்ற பின் சக்கரம் மணலைக் கடித்தது. வண்டி முனகி, ஊர்ந்து, மேட்டில் ஏறியது.

ஏறியதும் லாக்கை எடுத்துவிட்டேன். பூட்டு ஆபத்துக்கு. ரோடு நன்றாக இருந்தால் அவரவர் வேகத்துக்கு விட வேண்டும். வீட்டிலும் இதைச் சொல்லலாம். சொன்னதில்லை.

பீட்டர் கயிற்றுக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு படகுக்குப் போனார்.

திரும்பும்போது இரண்டில் ஓட்டினேன். கிழக்கேகோட்டை வளைவில் சத்தமே இல்லை. அண்ணாச்சி ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தார். ஆரியசாலை நெருங்கும்போது கேட்டார்.

"லே, உள்ளதைச் சொல்லு. மணல்ல இருந்து ஏறினப்ப நாலும் இழுத்துச்சுல்லா?"

இந்த வண்டியில் லாக் பின்னால் மட்டும்தான். முன்னால் பழையபடி ஒன்றுதான்.

"மூணு."