அறுநூற்றுப் பதினேழாம் அட்டை

போன வாரம் மகள் என்னை ஞாபக மறதி டாக்டரிடம் அழைத்துப் போனாள். காஸை அணைத்தேனா என்று ஒரே காலையில் நான்கு முறை எழுந்து பார்த்தேனாம். ஐந்து முறை, அவள் எண்ணியது தப்பு. டாக்டர் சின்னப் பெண், கன்னடக்காரி. "தாத்தா, நூறுலேருந்து ஏழேழா கழிச்சுட்டே வாங்க" என்றாள். பதினான்கு முறை கழித்து இரண்டில் வந்து நின்றேன். "போதும் தாத்தா, எனக்கே அவ்ளோ தூரம் வராது. ஞாபகமெல்லாம் சென்னாகிதெ, நல்லாவே இருக்கு" என்று சிரித்தபடி, கோடு போட்ட அட்டையில் என் மதிப்பெண்ணை எழுதினாள்.

அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, என் முதல் வேலையே அட்டை எழுதுவதுதான். அக்ரஹாரத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஆசியா முழுவதும் ஒன்று என்ற எண்ணம் யார் யார் தலையில் தோன்றியது, எங்கெங்கே போனது, ஜப்பான் பட்டாளம் அதைக் கையில் எடுத்தபோது என்ன ஆனது என்பதுதான் விஷயம். கண்ணில் புரை விழுந்திருந்ததால் அவர் சொல்லச் சொல்ல, குறிப்புக்கு ஒரு அட்டையாக நான் எழுதுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு அட்டைகள். ஒவ்வொன்றும் எண்ணோடு அவர் மனதில் இருந்தது. எண்ணைச் சொல்வார், நான் எடுத்துப் படிப்பேன். அட்டைக்குள்ளேயும் "பார்க்க: 902" என்று எண்கள்தான்.

சீனாவோடு சண்டை வந்தது. அவரும் மனைவியும் ஒரு வாரம் பெங்களூர் போயிருந்தபோது ஒரு கான்ஸ்டபிள் வந்து, "யேன் சார், சைனா புஸ்தகம், லெட்டர் ஏதாவது இருக்குதா இங்க? நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைத் தாழிட்டேன். சீனா என்று பெயர் வந்த அட்டைகளையெல்லாம் உருவினேன். இருநூற்று எண்பத்தாறு. வெந்நீர் அடுப்பில் போட்டேன். மசி எரியும் அந்தக் கசப்பு வாடை இன்றும் மூக்கில் இருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். இடையில் எண்கள் விட்டுப்போனால் சந்தேகம் வருமே என்று, மீதி அட்டைகளின் எண்களை பிளேடால் சுரண்டி, ஒன்று முதல் ஆயிரத்து அறுநூற்று இருபத்தெட்டு வரை வரிசையாகத் திரும்ப எழுதினேன். மூன்று பகல் ஆனது. என் ஒழுங்கில் எனக்குப் பெருமைகூட இருந்தது. கான்ஸ்டபிள் திரும்பி வரவேயில்லை.

பேராசிரியர் வந்தார். "அறுநூத்திப் பதினேழு எடுய்யா. ஜப்பான் துறைமுகத்துல அந்தச் சீனத் தலைவர் பேசினது."

எடுத்துப் படித்தேன். டோக்கியோவின் கலைக்கூடம் பற்றிய குறிப்பு.

"அதில்லையே. தொள்ளாயிரத்து ரெண்டு பாரு."

அதுவும் வேறு. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சீனாவப் பத்தி நாம நெறையக் குறிப்பு எடுத்தோமேய்யா?"

சொன்னால் வேலை போய்விடும். "எடுக்கணும்னு சொல்லிண்டே இருந்தேள் சார். எடுக்கல" என்றேன்.

அவர் என் கையிலிருந்த அட்டையை வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு உள்ளே பார்த்து மனைவியிடம், "எனக்குப் புத்தி பிசகிடுத்துடி. இல்லாத அட்டையெல்லாம் கேக்கறேன்" என்றார். "போறும், எழுதினதெல்லாம் போறும். விட்டுடுங்கோ" என்றாள் அந்த அம்மாள். விட்டுவிட்டார். அதன்பின் பதினோரு வருடம் இருந்தார். யாராவது தேதி கேட்டால்கூட, "என்னைக் கேக்காதீங்கோ, எனக்கு மறதி" என்பார். அவருக்கு மறதியே கிடையாது. அது தெரிந்த ஒரே ஆள் நான்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். நேற்று முப்பத்தொன்று நின்றன. மீதி அட்டைகள் பழைய பேப்பர்காரனிடம் போயின. அறுநூற்றுப் பதினேழில் இருந்தது எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது: அந்தச் சீனத் தலைவர் ஜப்பான்காரர்களைப் பார்த்து, படைபலத்தை நம்பப்போகிறீர்களா, அறத்தையா என்று கேட்டது. முழுவதும் சொல்லிவிடுவேன். சரியாகச் சொன்னேனா என்று பார்க்கத்தான் ஆளில்லை.