மாவு என்று எழுதிய பெண்

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக விஞ்ஞான ஆசிரியையாக இருந்தேன். சொந்த ஊர் பழநி. அடிவாரத்தில் விபூதி, பஞ்சாமிர்தம் விற்கிற குடும்பம். மலைமேல் தனியாக வேலை பார்க்க அப்பா ஒரு வருஷம்தான் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் வேலை நிரந்தரமாக வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். பள்ளியைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் எழுதப்போகும் ரிப்போர்ட்டை நம்பித்தான் நான் இருந்தேன்.

அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு ‘செல்’ பாடம் நடத்தினேன். வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் காட்டச் சொல்கிறது புத்தகம். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து நாலு நாளாக பஸ் வரவில்லை. ஊரில் பேருக்குக்கூட வெங்காயம் இல்லை. விடுதிச் சமையலறையில் உருளைக்கிழங்குதான் குவிந்து கிடந்தது. எதில் பார்த்தாலும் செல் செல்தானே என்று ஒரு கிழங்கை மெல்லிசாகச் சீவி, காயத்துக்குப் போடுகிற டிங்சர் அயோடினை ஒரு சொட்டு விட்டேன். அறை அறையாகத் தெரிந்தது. உள்ளே கருநீலப் புள்ளிகள். அவைதான் உட்கரு என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரியில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மைக்ராஸ்கோப். வரிசையில் நின்று ஒரு கண் எட்டிப் பார்த்ததோடு சரி. உட்கரு எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

பூம்பாறையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி வெகுநேரம் குனிந்து பார்த்தாள். மற்ற பெண்கள் புத்தகத்தில் இருந்தபடியே அறைக்கு ஒரு புள்ளி வைத்து வரைந்தார்கள். இவள் ஒரே அறைக்குள் பத்துப் பதினைந்து உருண்டைகளை வரைந்து, பக்கத்தில் ‘மாவு’ என்று எழுதியிருந்தாள். என்ன இது என்று கேட்டேன்.

“கெழங்கு மாவுங்க டீச்சர். எங்கம்மா அதுலதான் துணிக்குக் கஞ்சி போடும். கஞ்சி போட்ட தாவணியில டிங்சர் பட்டப்ப இப்பிடித்தான் கருத்துப் போச்சு” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கஞ்சி போடுகிற கதையையெல்லாம் வீட்டோடு வைத்துக்கொள் என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. படத்தைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, புத்தகத்தைப் பார்த்து வரை என்று எழுதினேன்.

பாதை திறந்து, வெங்காயமும் வந்தது, இன்ஸ்பெக்ட்ரஸும் வந்தார். அன்று காலை மொடமொடவென்று கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் போய், முன்கூட்டியே வெங்காயத் தோலில் டிங்சர் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அறைக்கு ஒரே ஒரு புள்ளி, இளமஞ்சளாக. கருநீலம் மருந்துக்கும் இல்லை. குழப்பத்தில் டிங்சர் பாட்டிலை மூடும்போது ஒரு சொட்டு முந்தானையில் விழுந்தது. கண்ணெதிரே அது கருநீலமாகிவிட்டது. அந்தப் பெண் அன்றே சொன்னதைத்தான் இப்போது என் சேலை சொல்லிக்கொண்டிருந்தது.

முந்தானையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டேன். மற்ற நோட்டுகளில் புத்தகப் படம்தானே இருக்கிறது, வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இன்ஸ்பெக்ட்ரஸ் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்து, சிவப்பு மை அடித்த பக்கத்தில் நிறுத்தினார். அந்தப் பெண்ணை எழுப்பி விவரம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் கண் என் முந்தானைக்கு வந்தது. கறை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. தொலைந்தேன் என்று நின்றேன்.

“நாந்தானுங்க சரியாப் பாக்காம வரைஞ்சுட்டேன்” என்றாள் அவள்.

மாட்டிவிட்டிருந்தால்கூட ஏதாவது சமாளித்திருப்பேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.

“இல்லீங்கம்மா, அவ வரைஞ்சதுதான் சரி. நான் நடத்துனதுதான் தப்பு” என்று முந்தானையை விரித்துக் காட்டினேன்.

இன்ஸ்பெக்ட்ரஸ் கறையைப் பார்த்தார், மைக்ராஸ்கோப்பில் வெங்காயத்தைப் பார்த்தார். பிறகு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து நடத்துங்கள் என்றார். நடத்தினேன். செல்லுக்கு உட்கரு ஒன்றுதான், அன்று கிழங்கில் பார்த்ததெல்லாம் அது சேர்த்து வைத்த மாவு என்று சொல்லிவிட்டு, கஞ்சித் தாவணி கதையை அவளையே எல்லோருக்கும் சொல்லச் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தவறாக நடத்தியதையும் வகுப்பிலேயே திருத்திக்கொண்டதையும் அவர் ரிப்போர்ட்டில் எழுதினார். வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே தவணையை நீட்டித்தார்.

சேலைக் கறை இரண்டு தடவை துவைத்ததில் போய்விட்டது. ஆனால், அன்று வகுப்பையே சிரிக்கவைத்துத் தன்னை அவமானப்படுத்திய எனக்காக அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஓய்வு பெறும் நாள்வரை எந்த நோட்டைத் திருத்த எடுத்தாலும், “நீ என்னம்மா பாத்தே?” என்று கேட்ட பிறகுதான் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன்.