செருப்பில் வெட்டிய முக்கோணம்

பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிவிட்டால் எனக்கு அம்மா கிடையாது. அங்கே அவள் தையல் டீச்சர். நானும் மற்றப் பிள்ளைகளைப்போல "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும். அது அவள் போட்ட சட்டம். ஏழாம் வகுப்பு வரைக்கும் அதைப் பொறுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா வந்த பிறகு பொறுக்க முடியவில்லை.

ஸ்டெல்லா ஆவூர்ப் பக்கத்திலிருந்து விராலிமலைக்கு பஸ்ஸில் வந்து படித்தவள். என் உயரம், என் பருமன். பிரேயரில் என் பக்கத்தில்தான் நிற்பாள். அச்சு வேலை வரும் வரைக்கும் எங்களுக்குள் ஒரு சண்டையும் இருந்ததில்லை.

அந்த வருஷம் அம்மா எங்களுக்குத் துணியில் அச்சு போடச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். அதில் பிடித்த உருவத்தை வெட்டி, பாட்டில் மூடியில் ஒட்டினால் அச்சு தயார். நீலச் சாயத்தில் தொட்டு வெள்ளைக் காடாத் துணியில் குத்த வேண்டியதுதான். நன்றாக வருகிற டிசைன் ஆண்டு விழா மேடையில் மேசை விரிப்பாகும் என்றாள். அதைச் செய்த பிள்ளையின் பெயரை மைக்கில் வாசிப்பார்களாம். அது என் பெயர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டீச்சர் மகளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

நான் மயில் வெட்டினேன். விராலிமலைக்காரிக்கு மயில் பார்க்க எங்கேயும் போக வேண்டியதில்லை, எங்கள் மொட்டைமாடியிலேயே வந்து நிற்கும். தோகை, கொண்டை, கால்விரல் வரைக்கும் வெட்டி முடிக்க இரண்டு வாரம் ஆனது. பிளேடு இரண்டு தடவை கையைக் கிழித்தது. ஸ்டெல்லா ஒரு முக்கோணம் வெட்டினாள். வெறும் முக்கோணம். ஐந்து நிமிஷ வேலை.

துணியில் குத்தியதும் என் மயில்கள் ரேஷன் கடையில் நிற்பதுபோல ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஸ்டெல்லா தன் முக்கோணத்தை நேராக ஒரு தடவை, திருப்பி ஒரு தடவை, தலைகீழாக ஒரு தடவை என்று குத்திக்கொண்டே போனாள். நான்கு முக்கோணம் சேர்ந்து பூவானது. பூக்களுக்கு நடுவே மிச்சமிருந்த வெள்ளை நட்சத்திரமானது.

"எல்லாரும் இங்கிட்டு வாங்க," என்றாள் அம்மா. "அச்ச மட்டும் பாக்காதீங்க. ரெண்டு அச்சுக்கு நடுவுல விட்ட எடத்தப் பாருங்க. அதுவும் டிசைன்தான்."

சொல்லிவிட்டு ஸ்டெல்லாவின் கையைத் தன் கைக்குள் வைத்து, மூலையில் எப்படித் திருப்புவது என்று அழுத்திக் காட்டினாள். அது என் அம்மாவின் கை. வீட்டில் தலை பின்னும்போதுகூட அவசர அவசரமாகத்தான் அது என்மேல் படும். என் மயிலுக்கு "நல்லா வெட்டியிருக்க" என்றதோடு சரி.

மணி அடித்ததும் எல்லாரும் கை கழுவ ஓடினார்கள். நான் அந்த முக்கோணத்தை எடுத்துப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சாயம் இன்னும் காயவில்லை. ஆனால் பாவாடை கருநீலம், வெளியே ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் கருவேலங்காடு வந்ததும் அச்சைத் தூக்கி எறிந்தேன். தொலைந்தது சனியன் என்றிருந்தது.

மறுநாள் ஸ்டெல்லா புது முக்கோணத்தோடு வந்தாள். வீட்டில் வேறு பழைய செருப்பு இல்லாததால், காலில் போட்டிருந்ததன் குதிகாலிலேயே வெட்டி எடுத்திருந்தாள்.

"எங்கிட்டோ தொலைச்சிட்டேன் டீச்சர், திட்டாதீங்க," என்றாள்.

அம்மா அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நடந்த இடமெல்லாம் புழுதியில், ஒன்று விட்டு ஒரு தடத்தில் முக்கோணம் விழுந்திருந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நடந்தாலே இவளுக்கு டிசைன் வருகிறதே! அன்றைக்கே அவள் துணியை மேடைக்கு எடுத்து வைத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை அம்மா துணி துவைக்க உட்கார்ந்தாள். என் பாவாடைப் பையை வெளியே இழுத்தவள், சோப்புப் போடாமல் வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, "கெளம்பு, கடைக்குப் போயிட்டு வருவோம்," என்றாள்.

செருப்புக் கடையில் நீல வார் வைத்த செருப்பை என் காலில் போட்டுவிட்டாள்.

"நடந்து பாரு. வெரலு இறுக்குதா?"

"இல்லம்மா."

குதித்துக் குதித்து நடந்து காட்டினேன். ஒருவழியாக என் மயிலின் அருமை அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் அந்தச் செருப்பை என் கையில் கொடுத்து, "ஸ்டெல்லாகிட்ட குடு," என்றாள்.

"நான் எதுக்கும்மா?"

"நீதான் குடுக்கணும்."

கொடுத்தேன். "எனக்கா? நீயா வாங்கியாந்த?" என்று ஸ்டெல்லா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்மா வகுப்பு வாசலில் நின்று என்னையே பார்த்தாள், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பதுபோல. சொந்த மகளை அளவு பார்க்க நடக்கவிட்டு, செருப்பு மட்டும் ஊரான் பிள்ளைக்கா என்ற ஆத்திரத்தில் கையைப் பாவாடைப் பைக்குள் விட்டேன்.

உள்ளே புதுத் துணி மொடமொடத்தது. அம்மா பழைய பையைப் பிரித்துவிட்டு வேறு தைத்திருந்தாள். பழசு கிழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கருவேலங்காடு வரைக்கும் நான் நடந்த நடையில், ஈர முக்கோணம் ஒன்று அந்தப் பழைய வெள்ளைப் பைக்குள் எத்தனை தடவை பதிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.