உப்புக்கு அடியில் முட்டை நாற்றம்

அழுகிய முட்டை நாற்றம் சட்டென்று நின்றபோது செல்வமும் நானும் நிம்மதியாகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு எங்களைக் கொன்றிருக்கும்.

மலேசியாவில், ரவாங்கில் ஒரு கோர் ஷெட்டில் எங்களுக்கு வேலை. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது குழாயோடு வெட்டி எடுக்கும் பாறைதான் கோர். அன்று வந்தது, கடலுக்கு வெகுதூரத்தில், ஒரு காலத்தில் உப்பு ஏரியாக இருந்த இடத்துக் கோர். அப்படிப்பட்ட ஏரியில் உப்பு மிகுந்த கனத்த நீர் அடியில் தங்கிவிடும். அங்கே காற்று எட்டாது. மேலிருந்து விழும் பாசி மக்காமல் கருஞ்சேறாகப் படியும். அதை மண் மூட, ஆழத்துச் சூட்டில் வெந்து எண்ணெயும் கேஸும் ஆகும். இரண்டும் மேலேறப் பார்க்கும். ஏரி வற்றியபோது படிந்த உப்புப் பாளம் மூடிபோல மறித்துவிடும். தேங்குவது அதற்கு அடியில்தான். சில இடங்களில் அந்த கேஸில் விஷமும் கலந்திருக்கும்.

மேல் பகுதியை அறுத்தோம். வெறும் உப்பு, வெள்ளை வெளேரென்று. கதவோரம் இருந்த கேஸ் மீட்டர் கத்தவில்லை. உப்பைத் தாண்டிக் கருப்புப் பாறைக்கு வந்ததும், கல்லுக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தது. கூடவே நாற்றம். திறந்த கதவின் காற்றில் இருந்த மீட்டர் அப்போதும் கத்தவில்லை.

"கல்லு பேசுதுக்கா," என்றான் செல்வம். சுங்கை பெசார்க்காரன், எதற்கும் சிரிப்பான். "நாத்தம் கல்லு இல்ல லா, என் நாசி லெமாக் முட்டதான். காலையிலயே கெட்டுப் போச்சு."

தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தை வெளியே வீசிவிட்டு வந்தான். கொஞ்ச நேரத்தில் நாற்றம் போய்விட்டது.

"பாத்தீங்களா? முட்டதான் லா!"

எனக்குத் தலை வலித்தது. தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்தேன். நெற்றி எரிந்தது. வாசம் மட்டும் இல்லை. பாட்டிலை மூக்கருகே வைத்து இழுத்தேன். தண்ணீரை முகர்வதுபோல் இருந்தது. கல் மட்டும் டிக், டிக் என்றது. நாற்றம் போகவில்லை, எங்கள் மூக்குதான் செத்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

"செல்வம், வெளிய ஓடுடா!"

அவன் ஸ்பேனரை எடுக்கக் குனிந்திருந்தான். கல்லிலிருந்து வந்த அந்த விஷ கேஸ் முதலில் மூக்கை மரக்கச் செய்யும்; காற்றைவிடக் கனமானது, தரையில் தவழும். குனிந்தவன் நிமிரவில்லை.

அவனிடம் ஓடத்தான் கால் துடித்தது. ஓடியிருந்தால் இரண்டு பிணம். முதுகைக் காட்டி வெளியே வந்து, காற்று பாட்டிலும் முகமூடியும் மாட்டிக்கொண்டு திரும்பிப் போனேன். அவனை விட்டுவிட்டு நடந்த அந்தத் தூரம்போல் கொடுமை என் வேலையில் வேறெதுவும் இல்லை.

இழுத்துப் போட்டேன், பிழைத்தான். அவன் மூக்குக்கு மட்டும் வாசம் திரும்பவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: நாற்றம் அடித்தால் வெளியேறுங்கள், அது தானாக நின்றாலும் திரும்பி வராதீர்கள்.

இன்றும் செல்வம் காலையில் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம்தான் நீட்டுவான். "அக்கா, முட்ட நல்லாருக்கா?"

நான் முதலில் தைல பாட்டிலைத் திறந்து என் மூக்கைச் சோதித்துக்கொள்கிறேன். பிறகுதான் முட்டையை முகர்ந்து, "நல்லாருக்குடா, சாப்புடு," என்கிறேன்.